பேசத் தெரியாவிட்டால் பிரஜை இல்லையா?

"இந்த நாட்டுச் சோற்றைத் தின்கிறவன் இந்த நாட்டு மொழியைப் படிக்கத்தானே வேணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தோட்டத்து மக்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் இது நம்மைப் பார்த்துக் கேட்கப்பட்டது. நம்முடைய பாட்டன் பாட்டிமாரைப் பார்த்துக் கேட்கப்பட்டது. சிவப்பு அடையாளக் கார்டோடு இருக்கும் வயதானவர்களைப் பார்த்து இன்றைக்கும் கேட்கப்படுகிறது. இப்போது காலம் மாறி, தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பங்களாதேசத் தொழிலாளியையும் நேப்பாளத் தொழிலாளியையும் பார்த்து நம்மவர்களே இதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். "ஒரு வார்த்தை மலாய் தெரியல, இவனுங்களை எதுக்குக் கொண்டு வந்தானுங்க?" என்று ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேசுகிறோம்.

கேள்வி நியாயமானதா? நியாயமானதுதான். ஆனால் அதற்குள்ளே இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாட்டு மொழியைப் படிப்பது நல்லதா என்பது ஒன்று. படிக்காதவனுக்கு உரிமை கொடுக்கக் கூடாதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நமது பதில், 'ஆமாம், கட்டாயம் படிக்க வேணும்.' இரண்டாவதற்கு நமது பதில், 'கூடாது. படிக்க வழி செய்து கொடுக்காதவர்கள் படிக்கவில்லை என்று சொல்லி உரிமையை மறுக்கக் கூடாது.' இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் நம்முடைய கிழவன் கிழவிகள் பதிவிலாகா வாசலில் நிற்கிறார்கள்.

படிப்பது யாருக்கு லாபம்?

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். மலாய் தெரியாததால் நஷ்டப்படுவது யார்? நாம்தான். கிளினிக்கில் எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். போலீஸ் நிலையத்தில் புகார் எழுத ஓர் ஆள் வேண்டும். சொக்சோ பாரம் நிரப்ப, சேமநிதிப் பணம் எடுக்க, பேங்கில் கையெழுத்துப் போட, தோட்டத்தை விற்றபின் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல, எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நல்லவராக இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் காசும் போகும், காரியமும் கெடும். வாயிருந்தும் ஊமையாக, இரவல் நாக்கிலேயே ஒரு மனிதன் எத்தனை நாளைக்குப் பேசிக்கொண்டிருப்பது?

மலாய் படித்தால் தமிழ் போய்விடும் என்று பயப்படுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அந்தப் பயம் வேண்டாம். அரசியலமைப்பின் 152-வது பிரிவு மலாயைத் தேசிய மொழி என்று சொல்லுகிறது. அதே பிரிவுதான் மற்ற மொழிகளைப் பேசவும் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்றும் சொல்லுகிறது. நம் தமிழ்ப் பள்ளிகளில் முதலாம் ஆண்டிலிருந்தே பிள்ளைகள் இரண்டையும் படிக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேணும். மலாய் நமக்கு முழுக்க அந்நியமான மொழியும் அல்ல. அவர்கள் 'கெடாய்' என்பது நம் கடை. 'காப்பால்' என்பது நம் கப்பல். 'பெத்தி' நம் பெட்டி, 'காத்தில்' நம் கட்டில், 'ஆப்பம்' நம் அப்பம். நம் பெரியவர்கள் ரப்பர் தோட்டத்துக்கு வருவதற்கு எத்தனையோ நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் சொற்கள் கப்பலேறி இங்கே வந்து குடியேறிவிட்டன. ஆகவே இளையவர்கள் வெட்கப்படாமல், பயப்படாமல் படிக்க வேணும். இதில் நமக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

தாத்தா ஏன் படிக்கவில்லை?

"சரி, அறுபது எழுபது வருஷமாக இந்த நாட்டிலேயே இருக்கிறார்களே, அந்தக் கிழடுகள் ஏன் மலாய் படிக்கவில்லை?" என்று கேட்பார்கள். இதற்குப் பதில் தோட்டத்திலேயே இருக்கிறது.

நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த வெள்ளைக்காரக் கம்பெனிகள், அவர்களை மலாய்க் கம்பத்தோடு கலந்து வாழ வைக்கவா கொண்டு வந்தன? பால் வெட்டுவதற்குக் கொண்டு வந்தன. லயம் தோட்டத்துக்குள்ளே. கடை தோட்டத்துக்குள்ளே. கோயில், கள்ளுக்கடை, ஆயாக் கொட்டகை, ஆஸ்பத்திரி எல்லாம் தோட்டத்துக்குள்ளே. காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்தால், வெளிக்காட்டுக்குப் போய், பால் தூக்கி, இஸ்டோரில் ஊற்றிவிட்டு லயத்துக்குத் திரும்புவது வரை காதில் விழுவது தமிழ்தான். கங்காணியும் தமிழ், மண்டோரும் தமிழ், கிராணியாரும் தமிழ் பேசுகிறவர்.

துரை? அவரும் தமிழ் பேசினார்! இன்றைய பிள்ளைகளுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். சீமையிலிருந்து வந்த சின்னத் துரைமார் தமிழ் படித்தார்கள். தோட்ட நிர்வாகிகளின் சங்கம் அவர்களுக்குத் தமிழில் பரீட்சையே வைத்தது. 'கூலித் தமிழ்' என்ற பெயரில் அவர்களுக்காகப் புத்தகமும் வந்தது. தமிழ் மேல் இருந்த ஆசையாலா? இல்லை. 'வெட்டு', 'தூக்கு', 'சீக்கிரம் போ' என்று உத்தரவு போடுவதற்காக. ஆயிரம் தொழிலாளிகளுக்கு மலாய் கற்பிப்பதைவிட ஒரு துரை தமிழ் கற்றுக்கொள்வது கம்பெனிக்கு மலிவாக இருந்தது. தொழிலாளி வெளியுலகத்தோடு பேசிப் பழகாமல் இருப்பதும் கம்பெனிக்குச் சௌகரியமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தின் கதையும் இதுதான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள். பல இடங்களில் அது கொட்டகையின் ஒரு மூலையாக இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் பிள்ளை அம்மாவோடு நிரைக்குப் போய்க் கோப்பை கழுவியது. 1940-களில் தோட்டத்தில் பிறந்த ஒரு பெண் பிள்ளைக்கு மலாய் சொல்லிக் கொடுக்க யார் இருந்தார்கள்? கம்பெனி சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைய சர்க்காரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுடைய தாய் தகப்பனுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெண்தான் இன்று எண்பது வயதுப் பாட்டியாக, சிவப்புக் கார்டைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறாள்.

திறந்த கதவும் மூடிய கதவும்

1957 ஆகஸ்ட் 31-ல் சுதந்திரம் வந்தபோது பிரஜாவுரிமைக் கதவு ஒன்று திறந்தது. அன்றைய அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு நம்முடைய நிலைமை தெரிந்தே இருந்தது. மெர்டேக்காவுக்கு முன் இந்நாட்டில் பிறந்தவர்கள், மெர்டேக்கா ஆன ஓராண்டுக்குள் மனுப்போட்டால் மலாய் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று விலக்குக் கொடுத்தார்கள். வெளியே பிறந்து இங்கே குடியிருந்தவர்களில் 45 வயது ஆனவர்களுக்கும் அதே ஓராண்டு விலக்கு இருந்தது. அந்த ஓராண்டு கழிந்ததும் மொழி விதி வந்துவிட்டது.

அந்த ஓராண்டில் எத்தனை தோட்டத்து ஆட்களுக்குச் சேதி தெரிந்தது? தெரிந்த இடங்களில் ஓடியாடி மனுப்போட்டார்கள். நம்மவர்களில் சிலர் ஊர் ஊராகப் போய்ப் பாரம் நிரப்பிக் கொடுத்துப் புண்ணியம் கட்டிக்கொண்டார்கள். ஆனால் டவுனுக்குப் பஸ்ஸும் போகாத உள்காட்டுத் தோட்டங்களில் "நமக்கென்ன கார்டு வேண்டிக்கிடக்கு, நாளைக்கு ஊருக்குப் போயிடுவோம்" என்று இருந்தவர்கள் உண்டு. ஊருக்குப் போகிற எண்ணமே இல்லாவிட்டாலும், பிறந்த பதிவு இல்லாமல் திகைத்து நின்றவர்கள் உண்டு. யாரும் வந்து சொல்லாததால் தெரியாமலே இருந்தவர்களும் உண்டு.

அதன் பலன் 1969-ல் தெரிந்தது. பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்தபோது, இருபது முப்பது வருஷம் பால் வெட்டியவர்களும் வேலைக்குப் பெர்மிட் தேடி அலைந்தார்கள். ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிகள் மூட்டை முடிச்சோடு கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். இங்கே பிறந்து இங்கே வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மிஞ்சியவர்கள் சிவப்புக் கார்டோடு இங்கேயே தங்கினார்கள். கார்டின் நிறம் ஒரு குடும்பத்தையே இரண்டாக்கும் என்று நம் மக்கள் அன்றைக்குத்தான் கண்டார்கள்.

யார் இங்கே வந்தேறி?

2018-ல் இந்திய சமூகத்தைச் சேர்ந்த, 60 வயதும் அதற்கு மேலும் ஆன சிவப்புக் கார்டுக்காரர்கள் 3,407 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்க அரசாங்கம் முடிவு செய்தது. இந்த வயதினருக்கு மொழி விதியும் தளர்த்தப்பட்டது. நாம் அதை வரவேற்றோம். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2018-ல் 60 வயது ஆனவர் எப்போது பிறந்தவர்? 1958-லோ அதற்கு முன்போ பிறந்தவர். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய சர்க்கார் 1938-லேயே தடை செய்துவிட்டது. ஆகவே இவர்களில் பெரும்பாலோர் வேலை தேடிக் கடல் தாண்டி வந்தவர்களாக இருக்க முடியாது. இங்கேயே பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாக வந்தவர்கள். பிறந்த மண்ணிலேயே அவர்களுக்கு 'வந்தவர்' என்று பெயர்! வந்தவனுக்கென்று வைத்த பரீட்சையை வராதவன் எழுத வேண்டியிருந்தது.

மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவருக்கு அரசியலமைப்பின் 16-வது பிரிவு கேட்பது மலாயில் ஆரம்ப அறிவு. வெளியிலிருந்து வந்து பிரஜையாக விரும்புகிறவருக்கு 19-வது பிரிவு கேட்பது போதுமான அறிவு. இரண்டும் வேறு வேறு. சரி, 'ஆரம்ப அறிவு' என்றால் எவ்வளவு? சந்தையில் மீன் வாங்கத் தெரிந்தால் போதுமா? "மாக்கான் சூடா? அனாக் பெராப்பா ஓராங்?" என்று பக்கத்துக் கம்பத்து மக்சிக்கோடு நாற்பது வருஷம் குசலம் விசாரித்த பேச்சுப் போதுமா? நம்மைக் கேட்டால் போதும் என்போம். நம் பாட்டிமார் பேசுவது பாசார் மலாய். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதிர்பார்ப்பது புத்தக மலாயாக இருந்தால், பாட்டி வாயடைத்துப் போவாள். அவளுக்கு மொழி தெரியாமல் அல்ல, பயத்தில். கதர்ச் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு காட்டு வேலை செய்தவள், ஏர்கோண்டிஷன் அறையில் ஆபீசருக்கு முன்னால் நடுங்குவதை மொழி அறிவின் அளவாக எடுத்துக்கொள்வது நியாயமா?

மறுபக்கத்துக்காரர் சொல்வதையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேணும். "ஒரு நாட்டு மக்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி இல்லாவிட்டால், ஆளுக்கொரு மூலையில்தானே கிடப்போம்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். உண்மையான கவலை. தோட்டத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்ததன் கஷ்டம் நமக்குத் தெரியாததா? பொது மொழி வேணும் என்பதில் நாம் அவர்களோடுதான் நிற்கிறோம். ஆனால் எழுபத்தைந்து வயதுக் கிழவியின் கார்டை நிறுத்தி வைப்பதால் நாட்டின் ஒற்றுமை எந்த வகையில் வளரும்? அவளுடைய பேரப்பிள்ளைகள் மலாயில் நீந்துகிறார்கள். மொழியின் வேலை அந்த வீட்டில் எப்போதோ முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது அந்தக் கிழவிக்கு ஓட்டுப் போடும் உரிமையும், பிரஜைகளுக்கென்று அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணமும், 'நான் இந்த நாட்டுக்காரி' என்று சாவதற்கு முன் சொல்லிக்கொள்ளும் மனநிறைவும்தான்.

இன்று நம் பக்கத்து லயத்தில்

இப்போது புதிதாக வந்தவர்களைப் பார்ப்போம். இன்றைக்குச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவதும் மருந்து அடிப்பதும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளிகள். இந்தோனேசியர்களுக்கு மலாய் சிரமம் இல்லை. பங்களாதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறவர்கள் நம் தாத்தா நின்ற இடத்தில் நிற்கிறார்கள். அவர்களை ஏசும்போது நாம் கொஞ்சம் யோசிக்க வேணும்.

அவர்களுக்கு மலாய் தெரியவேண்டியது நிச்சயம். மருந்து டின்னில் எழுதியிருப்பது தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. 'பாராகுவாட்' களைக்கொல்லி 2020-ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் தோட்டத்தில் அடிக்கிற மற்ற மருந்துகள் பன்னீர் அல்லவே! "தள்ளிப் போ, குலை விழுது" என்று கத்தினால் அது புரியாதவன் தலையில்தான் குலை விழும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்டு வாங்குவான்?

ஆகவே அவன் படிக்க வேணும். ஆனால் எப்போது படிப்பான்? விடியற்காலை போய் வெயில் சாயத் திரும்புகிறவன், எட்டுப் பேர் படுக்கும் அறையில் விளக்கு வைத்துப் படிப்பானா? ஆளைக் கூட்டிவந்த முதலாளி, வேலை நேரத்திலேயே, சம்பளத்தைப் பிடிக்காமல் படிக்க வைக்க வேணும். அவன் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் அவன் படிக்கக்கூடிய மொழியில் இருக்க வேணும்.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜெர்மனி நாட்டின் அனுபவத்தைப் பாருங்கள். அவர்கள் 1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்தார்கள், 1973-ல் நிறுத்தினார்கள். "விருந்தாளித் தொழிலாளி" என்று பேர் வைத்தார்கள். எப்படியும் போய்விடுவான் என்று நினைத்து மொழி கற்பிக்கவில்லை. அவர்களில் லட்சக்கணக்கானோர் அங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். பிறகு "முப்பது வருஷமாகியும் நம் மொழி பேசவில்லையே" என்று அந்த நாட்டார் குறை சொன்னார்கள். நம் கதை மாதிரியே இல்லையா? கடைசியில் 2005-ல் சட்டம் போட்டு, குடியேறுகிறவர்களுக்கு 600 மணி நேர மொழிப் பாடத்தை அரசாங்கமே ஏற்பாடு செய்தது. படிக்க வேணும் என்று கட்டளை போட்ட கை, பாடத்தையும் நடத்தியது. அதுதான் முறை.

செய்ய வேண்டியது

நாம் கேட்பது பெரிய வரம் அல்ல. வயதானவர்களுக்கு மொழி விலக்கு என்பது அந்தந்த நேரத்து அரசாங்கத்தின் கருணையாக இல்லாமல், 1957-ல் இருந்ததைப் போல அரசியலமைப்பிலேயே எழுதப்பட வேணும். இந்த முறை ஓராண்டுக் கெடு வேண்டாம். விலக்குக் கிடைக்காதவர்களுக்கு 'ஆரம்ப அறிவு' என்றால் என்ன என்பதை வெளிப்படையாக அச்சிட்டுக் கொடுக்க வேணும். வாய்ப்பேச்சு மலாயை மலாயாக ஏற்க வேணும். தவறினால் ஏன் தவறினார் என்று எழுத்தில் சொல்ல வேணும்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. வீட்டில் சிவப்புக் கார்டு இருந்தால், "அதான் எழுபது வருஷம் ஓடிப்போச்சே, இனி என்ன?" என்று தள்ளிப் போடாதீர்கள். பிறப்புப் பத்திரம், பழைய கார்டு, தோட்டத்துச் செக்ரோல் சீட்டு, கிடைக்கிற பத்திரங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். பேரப்பிள்ளைகளே, நீங்கள் பள்ளியில் படித்த மலாயைத் தாத்தா பாட்டியோடு தினமும் பத்து நிமிஷம் பேசுங்கள். பேர் என்ன, எங்கே பிறந்தீர்கள், எத்தனை பிள்ளைகள் என்று நீங்களே ஆபீசர் மாதிரி உட்கார்ந்து கேளுங்கள். சிரிப்பாக இருக்கும், பயம் தெளியும். கோயில் மண்டபத்தில் வாரம் ஒரு மாலை நாலு பேர் சேர்ந்து படித்தால் கோயிலுக்கும் அது சிறப்புத்தான்.

பக்கத்து லயத்துப் பங்களாதேசத் தம்பிக்கும் அந்த மண்டபத்தில் ஒரு பாய் போடுங்கள். அவன் கேட்கிற மலாய்ச் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். 'வந்தவன்தானே' என்று யாரும் நம் பாட்டனைச் சொல்லக் கூடாது என்றால், அந்தப் பேச்சை நாமும் இன்னொருவன் மேல் வீசக் கூடாது.

மொழியைப் படிப்போம், படிக்க வைப்போம். படிக்க வழியில்லாமல் போனவர்களின் உரிமைக்காகவும் சேர்ந்து குரல் கொடுப்போம்!